கரி படிந்த காற்சட்டை

பஞ்சலிங்கம் எந்த இடத்திலும் ஒரு நிமிஷத்துக்கு மேல் நிற்கிற ஆள் இல்லை. அன்றைக்கு அந்த ஒரு நிமிஷமும் இல்லை. பண்டத்தரிப்பில், காலஞ்சென்ற தம்பிஐயாவின் வளவுக்குள், வாசற் படலையிலிருந்து கிணற்றடிக்கும் கிணற்றடியிலிருந்து படலைக்குமாகக் காலையிலிருந்து நடந்துகொண்டிருந்தார். கையில் குடை. அதை விரிக்கவும் இல்லை, ஊன்றவும் இல்லை. இரண்டு எட்டுக்கு ஒருமுறை மண்ணைக் குத்திக்கொண்டிருந்தார்.

“ஐயா, இவ்வளவு நடையையும் நேராய் நடந்திருந்தால் இப்ப காங்கேசன்துறையிலை கடல் காத்து வாங்கியிருக்கலாம்,” என்றான் கனிசியஸ்.

“நேரம் என்ன?”

“உங்கடை சட்டைப் பையிலை மணிக்கூடு இருக்குது.”

“அதைப் பார்க்கப் பயமாய் இருக்குது. உம்முடையதைப் பார்த்துச் சொல்லும்.”

“பத்தேகால்.”

பன்னிரண்டு மணிக்கு எல்லாம் முடிந்துவிடும். கனிசியஸுக்கும் அது தெரியும். தெரிந்தபடியால்தான் அன்று வழக்கத்தைவிடக் கூடுதலாகப் பகிடி விட்டுக்கொண்டிருந்தான். பயம் வந்தால் அவனுக்கு வாய் ஓயாது.

இருவரும் அரசாங்கப் பொதுப் பொறுப்பாளரின் வடபகுதிக் கந்தோரிலிருந்து வந்தவர்கள். செத்தவருடைய சொத்துக்கு உரியவர் இன்னார் என்று தீரும்வரை அதைப் பூட்டி, முத்திரை வைத்து, ஒழுக்கு அடைத்து, வாழைக்குத் தண்ணீர் விட்டுக் காப்பாற்றுவது அந்தக் கந்தோரின் வேலை. பஞ்சலிங்கம் அங்கே பரிசோதகர். சொத்தைக் காப்பது அவருக்கு உத்தியோகம்; சொத்துக்குள் ஒளிந்திருக்கும் பொய்யைத் தோண்டுவது அவருக்கு வியாதி. கனிசியஸ் பாசையூரான், கந்தோரில் கிளாக்கர். அவன் எழுதும் எழுத்து அச்சடித்ததுபோல் இருக்கும். பேசும் பேச்சை எழுத்தில் போட்டால் உத்தியோகம் போய்விடும்.

தம்பிஐயா மலாயா றெயில்வேயில் வேலை பார்த்து, பதினொரு வருஷத்துக்கு முன் பென்ஷனோடு ஊருக்கு வந்தவர். பிள்ளை இல்லை. மனைவியும் முந்திப் போய்விட்டாள். மனைவியின் தமக்கை மகள் குணலட்சுமி, சின்ன வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்தவள், ஆறு வருஷமாய் அவருக்குச் சமைத்துப்போட்டு, நெஞ்சு நோவுக்கு மருந்து அரைத்துக் கொடுத்து, அவருடைய கோபத்தையும் சகித்துக்கொண்டு இருந்தாள். “வீடு உனக்குத்தான் பிள்ளை” என்று கிழவர் நூறு தரம் சொல்லியிருப்பார். போன வருஷம் பென்ஷன் விஷயமாக ஈப்போவுக்குப் போனபோது, தனக்குப் பிறகு சொத்து யாருக்கு என்று அங்கேயே மரணசாதனமும் எழுதி, பழைய கூட்டாளிகள் ஐந்து பேரைச் சாட்சியாகக் கையெழுத்து வைக்கச் செய்து கொண்டுவந்தார். ஊரில் எழுதாததற்குக் காரணம் இருந்தது. அவருடைய தங்கை மகன் முத்துக்குமாருவுக்குப் பெண் கொடுத்தவர்தான், இப்படிப் பத்திரம் எழுதும் ஊர் நொத்தாரிசு.

ஆடி மாதம் கிழவர் கந்தோருக்கு ஒரு கடிதம் போட்டார். ‘என் மரணசாதனம் வீட்டில் இருக்கிறது. மருமகன் வரும்போதெல்லாம் அலுமாரியைக் கிளறுகிறபடியால் அவன் கைக்கு எட்டாத இடத்தில் வைத்திருக்கிறேன். வருகிற திங்கட்கிழமை நேரில் கொண்டுவந்து ஒப்படைப்பேன்.’ ஞாயிற்றுக்கிழமை நெஞ்சு நின்றுவிட்டது.

இப்போது புரட்டாசி, 1938ஆம் வருஷம். பஞ்சலிங்கம் கல்வீட்டை மூன்று தரம் தலைகீழாகப் புரட்டிவிட்டார். படத்துக்குப் பின்னால், மணிக்கூட்டுக்குள், நெல்லுப் பெட்டிக்குள், வளைமரத்தில், தூணில், எங்கேயும் இல்லை. மரணசாதனம் இல்லாவிட்டால் குணலட்சுமி அந்த வீட்டுக்கு யாரோ ஒருத்தி. இன்று பகல் பன்னிரண்டு மணிக்கு வீட்டுப் பூட்டின் திறப்பை, இரத்த உறவான முத்துக்குமாருவின் கையில் கொடுக்கச் சொல்லி நீதிபதியின் கோட்டு உத்தரவு வந்துவிட்டது.

கல்வீடு முத்திரையோடு கிடந்ததால் குணலட்சுமி பின்பக்கத்துக் குசினியில்தான் குடியிருந்தாள். சின்ன மண்சுவர்க் குசினி, ஓலைக்கூரை. அந்தக் கூரையைப் பார்க்கும்போதெல்லாம் கனிசியஸுக்கு ஒரு சந்தோஷம். ஆவணியில் அவன் எழுதிய உத்தரவின் பேரில் புது ஓலை போட்டு மேய்ந்த கூரை அது. இந்த உத்தியோகத்தில் தான் செய்த ஒரே உருப்படியான காரியம் என்று நினைத்துக்கொள்வான்.

குணலட்சுமி இரண்டு பேணியில் தேத்தண்ணீர் கொண்டுவந்தாள். குசினி வாசலில் அவளுடைய தகரப்பெட்டி கயிறு போட்டுக் கட்டித் தயாராக நின்றது.

“குடியுங்கோ. பன்னிரண்டுக்குப் பிறகு ஊத்தித் தர எனக்கு அடுப்பு இல்லை.”

“எங்கை பிள்ளை போகப் போறாய்?” என்றார் பஞ்சலிங்கம்.

“பெட்டி எங்கை போகுதோ அங்கை.” முகத்தில் ஒரு ஈரம் கிடையாது. வெறும் பேணியை வாங்கிக்கொண்டு திரும்பிப் போனாள்.

அந்தப் பேச்சு கனிசியஸுக்குச் சுட்டது. அழுதிருந்தால் ஆறுதல் சொல்லலாம். இப்படிப் பேசினால் என்ன செய்வது?

பஞ்சலிங்கம் திரும்ப நடக்கத் தொடங்கினார். படலை, கிணற்றடி, படலை. நடுவழியில் சடாரென்று நின்றார். அவர் நின்றதைக் கண்டு கனிசியஸ் பயந்தே போனான்.

“கனிசியஸ், அந்த வேலியைப் பாரும்.”

பக்கத்துத் தோட்டத்துக்கும் இந்த வளவுக்கும் நடுவே இரண்டாள் உயரத்துக்குப் பனையோலை வேலி. தம்பிஐயா தன் செலவில் உயர்த்திக் கட்டியது. எறும்பு போகவும் இடைவெளி இல்லை.

“வேலிதான். நல்ல வேலி. உள்ளுக்கை என்ன நடக்குது எண்டு காகமும் எட்டிப் பார்க்கேலாது.”

“அதுக்கு மேலை பாரும்.”

வேலிக்கு மேலால் ஒரு மனிதத் தலை எழும்பியது. தோள் வரைக்கும் தெரிந்தது. பிறகு முன்னுக்குப் போய்த் தாழ்ந்து மறைந்தது. கிறீச் என்று ஒரு சத்தம், தண்ணீர் ஊற்றும் சத்தம். திரும்பவும் அந்தத் தலை எழும்பியது.

“கிணத்துத் துலா,” என்றான் கனிசியஸ். “பக்கத்துத் தோட்டத்துக்கு இறைக்கிறாங்கள்.”

“அலுமாரியைத் தேடினம், பெட்டியைத் தேடினம். கண்டவன் ஒருத்தன் இருப்பானோ எண்டு தேடினமே? வேலி நிலத்திலை நடக்கிறவனுக்குத்தான் மறைக்கும். துலா மிதிக்கிறவன் மரத்தளவு உயரத்திலை நிக்கிறான் ஐசே. வாரும்!”

ஒழுங்கை வழியாகச் சுற்றி, பக்கத்து வளவுக்காரர் முருகேசரின் தோட்டத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் கனிசியஸுக்கு மூச்சு வாங்கியது. செம்மண் தரை. ஒரு பக்கம் கத்தரி. மறுபக்கம் கார்த்திகையில் புகையிலை நடுவதற்காக நீளப் பள்ளமாய்க் கான் வெட்டி, பசளை தாட்டு மூடிய வெறுந்தரை. கிணற்றுக் கட்டில் முருகேசர் நின்று தண்ணீர்ப் பட்டையைப் பிடித்து இறைத்துக்கொண்டிருந்தார். மேலே துலாவில் முன்னும் பின்னும் நடந்தவன் அவருடைய மைத்துனன் மார்க்கண்டு. வாய்க்காலில் தண்ணீர் கட்டியவள் மார்க்கண்டுவின் தமக்கையும் முருகேசரின் மனைவியுமான பத்மாவதி.

குடையும் பைல்கட்டுமாக வந்த இருவரையும் கண்டதும் முருகேசர் பட்டையை விட்டுவிட்டார்.

“காசு குடுத்துத்தான் வேண்டினனான்!” என்றார், வந்தவர்கள் வாய் திறக்குமுன்.

“என்னத்தை?” என்றார் பஞ்சலிங்கம்.

முருகேசர் அவசரமாய் மேலே கையைக் காட்டினார். “இல்லை... இந்தத் துலா. புதுத் துலா.”

கனிசியஸ் அண்ணாந்து பார்த்தான். “உங்கடை புதுத் துலாவிலை அப்பு காலத்துக் கால்தடமெல்லாம் கிடக்குது அண்ணை.”

பஞ்சலிங்கம் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. “முருகேசர், துலாவிலை நிண்டால் தம்பிஐயாவின்ரை வளவு தெரியுமோ?”

“தெரியாது.” பாடமாக்கி வைத்த பதில்போல் வந்தது. “மல்லாகம் கோட்டிலை போன வருஷம் சத்தியம் பண்ணிச் சொன்னனான். தெரியாதெண்டால் தெரியாது.”

கதை இதுதான். முருகேசருக்கும் தம்பிஐயாவுக்கும் பதினொரு வருஷமாக வேலிச் சண்டை. ஒன்றரை முழ நிலம். அது போதாதென்று, குணலட்சுமி கிணற்றடியில் குளிக்கும்போது மார்க்கண்டு துலாவில் நின்று பார்க்கிறான் என்று கிழவர் போன வருஷம் வழக்குப் போட்டார். மார்க்கண்டு அப்படிப்பட்டவன் இல்லை என்று சொல்லியிருந்தாலே போதும். வீம்பு பிடித்த முருகேசர், துலாவில் நின்றால் அந்த வளவே தெரியாது என்று சத்தியம் பண்ணிவிட்டார். வழக்குத் தள்ளுபடி. கிழவர் வேலியை உயர்த்தினார்.

“சரி,” என்றார் பஞ்சலிங்கம். “கனிசியஸ், ஏறும்.”

“ஆர்? நானோ?”

“உம்முடைய அப்பு பாய்மரம் ஏறினவர் எண்டு நாளுக்கு மூண்டு தரம் சொல்லுவீர்.”

“பாய்மரத்துக்குக் கீழை கடல் இருக்கும் ஐயா. விழுந்தால் நனைவம். இஞ்சை கிணறு இருக்குது.”

ஆனாலும் ஏறினான். சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, வெள்ளைக் காற்சட்டையோடு, மார்க்கண்டுவின் கையைப் பிடித்துக்கொண்டு, மாதாவை மூன்று தரம் கூப்பிட்டு ஏறினான். துலா லேசாக ஆடியது. கண்ணை இறுக மூடினான். பிறகு ஒரு கண்ணைத் திறந்தான்.

“என்ன தெரியுது?”

“எல்லாம் தெரியுது ஐயா. முத்திரை வைச்ச கதவு தெரியுது. கிணத்தடி தெரியுது. குசினிக் கூரை முகடு வரைக்கும் தெரியுது. குணலட்சுமி அக்கா...”

அவன் நிறுத்திவிட்டான். குசினி வாசலில், கட்டிவைத்த பெட்டியின் மேல் அவள் குந்தியிருந்தாள். சேலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டு, சத்தம் வெளியே வராமல், உடம்பெல்லாம் குலுங்க அழுதுகொண்டிருந்தாள்.

“அக்கா அழுறா ஐயா,” என்றான் மெதுவாக.

“அவ ஒவ்வொரு நாளும் உப்பிடித்தான்,” என்றான் பக்கத்தில் நின்ற மார்க்கண்டு. “விடிய எழும்பி முத்தம் கூட்டுவா. பேந்து இருந்து அழுவா. பார்க்கேலாது.”

சொன்ன பிறகுதான் அவனுக்குத் தான் என்ன சொன்னோம் என்று விளங்கியது. கீழே முருகேசரின் முகம் இருண்டது.

“மார்க்கண்டு!”

“நான் கோடு இல்லை, முருகேசர்,” என்றார் பஞ்சலிங்கம். “உங்கடை சத்தியத்தை நான் கேக்க வரேல்லை. பன்னிரண்டு மணிக்கு அந்தப் பிள்ளை நடுத்தெருவிலை நிக்கப்போகுது. கிழவர் செத்த கிழமை, அந்த வளவுக்குள்ளை என்ன கண்டனீங்கள்? அதைச் சொல்லுங்கோ, போதும்.”

முருகேசர் வாயை இறுக்கிக்கொண்டு வேலியைப் பார்த்தார். மார்க்கண்டு தமக்கையைப் பார்த்தான். பத்மாவதி மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்தாள். “சொல்லடா,” என்றாள். “அத்தான் சொல்லமாட்டார். நீ சொல்லு.”

“வெள்ளிக்கிழமை ஐயா. அவ சங்கானைச் சந்தைக்குப் போன நேரம். கிழவர் குசினியிலை ஏணி சாத்தி ஏறினார். நெஞ்சு நோக்காரன் ஏறுறானே எண்டு நான் இதிலை நிண்டு பதறினன். முகட்டடியிலை ஓலையைக் கிளப்பி, கறுத்தச் சீலையிலை சுத்தின ஒரு சாமானை உள்ளுக்கை தள்ளி, ஊசி நூலாலை ஓலையோடை வைச்சுத் தைச்சார். ஒழுக்குக்குப் பொத்துறார் எண்டு நினைச்சன்.”

கைக்கு எட்டாத இடம்! கனிசியஸுக்குத் தலை கிறுகிறுத்தது. கிறுகிறுத்த தலையோடு துலாவில் நிற்கக்கூடாது என்பது அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. கால் வழுக்கியது. நல்ல காலம், கிணற்றுப் பக்கம் விழவில்லை. வெறுந்தரையில், மூடியும் மூடாமலும் கிடந்த ஒரு கானுக்குள் போய் இருக்கை படக் குந்தினான்.

“அதுக்குள்ளை மிதியாதை தம்பி! வெளியிலை வா!” என்று முருகேசர் ஓடிவந்து, பிள்ளையைத் தூக்குவதுபோல் அவனைத் தூக்கிவிட்டார். எலும்பு முறிந்ததா என்று கேட்கவில்லை. கானைத்தான் காலால் மண் தள்ளி மூடினார்.

கேட்க நேரமும் இல்லை. பஞ்சலிங்கம் ஒழுங்கையில் ஓடிக்கொண்டிருந்தார்.

குசினிக்கு முன்னால் வந்து நின்ற பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. கூரை பொன்நிறத்தில் பளபளத்தது. முகட்டிலிருந்து தாவாரம் வரைக்கும் ஒரு பழைய ஓலை இல்லை.

“பிள்ளை,” என்றார் பஞ்சலிங்கம். “இதை ஆர் மேயச் சொன்னது?”

கண்ணைத் துடைத்துக்கொண்டு குணலட்சுமி எழும்பினாள். “நீங்கள்தான் ஐயா. ஒழுகுது, மாரிக்கு முன்னம் மேய்ஞ்சு தாங்கோ எண்டு நான் எழுதினன். மூண்டாம் நாள் உங்கடை கந்தோர்க் கடிதம் வந்தது. ஏன் ஐயா?”

கனிசியஸ் பைல்கட்டை அவிழ்த்தான். அவிழ்க்கத் தேவையே இல்லை. அந்தக் கடிதம் அவனுக்கு மனப்பாடம். அவன் கையெழுத்து, அச்சடித்த மாதிரி. கீழே பஞ்சலிங்கத்தின் ஒப்பம். சொத்தைக் காப்பாற்றும் கந்தோர் சொத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டது. எறியச் சொல்லிக் கேட்டவள் அந்தச் சொத்துக்கு உரியவள்.

பஞ்சலிங்கம் மார்க்கண்டு சொன்னதைச் சொன்னார். குணலட்சுமி கேட்டுக்கொண்டே பெட்டியின் மேல் மெல்ல இருந்தாள்.

“என்ரை கையாலை,” என்றாள். “நானே எழுதிக் கேட்டு...”

அந்தக் கூரையைப் பார்த்துக் கனிசியஸ் எத்தனை தரம் சந்தோஷப்பட்டிருப்பான்! தன்னைத் தானே செருப்பால் அடிக்கலாம்போல் இருந்தது. சப்பாத்தையும் துலாவடியில் விட்டுவிட்டு வந்திருந்தான்.

“பழைய ஓலை எங்கை போனது?” என்றார் பஞ்சலிங்கம்.

“மேய்ஞ்ச ஆக்கள் வண்டியிலை ஏத்திக்கொண்டு போட்டினம். ஆருக்கு வித்தவையோ தெரியாது. அவை இப்ப வன்னிக்குப் போயிட்டினம்.”

“நேரம்?”

“பதினொண்டே கால்,” என்றான் கனிசியஸ். “விடுங்கோ ஐயா. இந்த வலிகாமத்திலை பசளைக்கெண்டு பழைய ஓலை தாட்ட தோட்டம் எத்தினை ஆயிரம்.”

சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பினான். கண் கலங்கியதை அவர் பார்க்கக்கூடாது என்று.

பின்னால் பஞ்சலிங்கம் சிரித்தார். ஐயாவுக்கு விசர் பிடித்துவிட்டது என்றே கனிசியஸ் நினைத்தான்.

“அப்பிடியே நில்லும். திரும்பாதையும். கனிசியஸ், நீர் விழுந்த தோட்டம் என்ன மண்?”

“செம்மண்.”

“அப்ப உம்முடைய வெள்ளைக் காற்சட்டையிலை பின்பக்கம் ஏன் கறுப்பு?”

கனிசியஸ் கையால் தடவி, உள்ளங்கையைப் பார்த்தான். கருங்கரி. குணலட்சுமி எட்டிப் பார்த்து விரலால் தொட்டாள்.

“இது புகைக்கரி,” என்றாள். “அடுப்புப் புகை வருஷக்கணக்காய்ப் பிடிச்ச ஓலையிலைதான் இப்பிடி ஒட்டும்.”

“குசினிக் கூரை ஓலை! ‘காசு குடுத்துத்தான் வேண்டினனான்’ எண்டு அந்த மனிசன் பதறினது துலாவுக்கோ? செத்தவன்ரை வளவு ஓலையைக் களவாய் வேண்டித் தாட்டுப்போட்டு, கந்தோர் பிடிக்க வந்திட்டுது எண்டு பயந்து நிக்கிறார் ஐசே!”

ஒழுங்கையால் சுற்ற நேரம் இல்லை. பஞ்சலிங்கம் குடையால் வேலியில் ஒரு குத்து விட்டார். கனிசியஸ் தோளால் ஒரு இடி இடித்தான். தம்பிஐயா உயர்த்திக் கட்டிய வேலியில் ஆள் நுழையப் பொட்டு விழுந்தது. அப்பால் முருகேசர் மண்வெட்டியோடு நின்றார்.

“ஓம், வேண்டினனான்!” என்று அவர் முந்திக்கொண்டார். “வண்டிக்காரன் ஒழுங்கையாலை கொண்டு போனான். எங்கத்தை ஓலை எண்டு தெரிஞ்சுதான் வேண்டினனான். அந்தாளோடைதான் எனக்குக் கோபம், ஓலையோடை என்ன கோபம்? இப்ப வழக்குப் போடப் போறியளோ?”

“வழக்கு ஒண்டும் இல்லை. முதல் தண்ணியை மறியுங்கோ!”

பத்மாவதி அப்போதுதான் கத்தரியை முடித்து, ஓலை உக்கட்டும் என்று வெறுந்தரைக்கு வாய்க்காலைத் திருப்பியிருந்தாள். தண்ணீர் கானுக்குக் கானாக இறங்கிக்கொண்டிருந்தது. மண் போட்டு மறித்தாள்.

பத்துக் கான். எல்லாவற்றையும் கிண்டப் பின்னேரம் ஆகும். பஞ்சலிங்கம் கானுக்குக் குறுக்கே இரண்டு நடை நடந்தார்.

“கூரை பிடுங்கிறவன் முகட்டிலை இருந்துதான் தொடங்குவான். முகட்டு ஓலை முதல் கழலும், வண்டியிலை அடியிலை போகும். இறக்கேக்கை கடைசியாய் வரும். முருகேசர், எந்தப் பக்கம் இருந்து தாட்டுக்கொண்டு வந்தனீங்கள்?”

“மேற்கிலை இருந்து.”

“அப்ப கிழக்குக் கடைசிக் கான். வெட்டுங்கோ!”

மார்க்கண்டு துலாவிலிருந்து குதித்து வந்து வெட்டினான். முருகேசர் ஓலையைக் கிளப்பினார். கனிசியஸ் முழங்காலில் இருந்து இரண்டு கையாலும் அள்ளினான். குணலட்சுமி ஒவ்வொரு ஓலையாகப் பிரித்துத் தடவினாள். பாதிக் கான் போயிற்று. முக்கால் போயிற்று. கடைசிக் கட்டில் அவள் கை நின்றது. கரி பிடித்த இரண்டு ஓலை ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. விளிம்பைச் சுற்றி நெருக்கமாய்த் தையல்.

“சித்தப்பாவின்ரை தையல்,” என்றாள். “பொத்தான் தைச்சாலும் இப்பிடித்தான் தைப்பார், கட்டை கட்டையாய்.”

உள்ளே மெழுகுசீலை. மெழுகுசீலைக்குள் நாலாக மடித்த காகிதம், ஒரு துளி நனையவில்லை. றெயில்வேக்காரன் கட்டிய பொட்டலம். பஞ்சலிங்கம் அதைப் பிரித்து வாசித்தார். வீடும் வளவும் குணலட்சுமிக்கு. சங்கானை வயல் முத்துக்குமாருவுக்கு. கீழே ஐந்து ஈப்போக் கையெழுத்து.

“நல்ல நாடகம்!”

வேலிப் பொட்டில் முத்துக்குமாரு நின்றான். தங்கப் பொத்தான், கையில் கோட்டு உத்தரவு. “பன்னிரண்டு மணி ஆகுது, திறப்பைத் தாருங்கோ எண்டு வந்தால், கந்தோர் ஆக்கள் ஆற்றையோ தோட்டத்திலை குழி தோண்டுறியள். நீங்களே எழுதி, நீங்களே தாட்டு, நீங்களே கிண்டி எடுத்தனீங்கள் எண்டு நான் கோட்டிலை சொன்னால்? கிழவர் கூரையிலை வைச்சதைக் கண்ட ஆள் ஆர்?”

“நான் கண்டனான்,” என்றான் மார்க்கண்டு.

“எங்கை நிண்டு?”

“துலாவிலை.”

முத்துக்குமாரு சிரித்தான். “துலாவிலை நிண்டால் அந்த வளவு தெரியாது எண்டு உன்ரை அத்தான் கோட்டிலை சத்தியம் பண்ணினவர். அப்ப பொய் சொன்னது ஆர்? நீயோ, அவரோ?”

முருகேசர் மண்வெட்டியைப் பிடித்தபடி குனிந்து நின்றார். ஊரில் அவருடைய சொல்லுக்கு ஒரு மரியாதை இருந்தது. பொய்ச் சத்தியம் பண்ணினவர் என்று கோட்டிலே தானே ஒப்புக்கொண்டால், பிறகு கோயிலில் முன்வரிசையில் நிற்கவும் கூசும். குணலட்சுமி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கேட்கவும் இல்லை. கரி பிடித்த ஓலையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

பஞ்சலிங்கம் அவசரப்படாமல் காகிதத்தைத் திருப்பினார். “முருகேசர், இதிலை இன்னும் ஒரு வாசகம் கிடக்குது. உங்கடை பேர் போட்டு.” வாசித்தார்.

‘வடக்கு வேலி நிற்கிற ஒன்றரை முழ நிலம் முருகேசுவினுடையது. அது எனக்கு முதலிலிருந்தே தெரியும். நான் உயிரோடு இருக்கும்வரை விட்டுக்கொடுக்க மாட்டேன். செத்தபின் அவனிடம் கொடுத்துவிடவும்.’

முருகேசர் நிமிர்ந்தார். கண் சிவந்திருந்தது. கோபமா வேறேதாவதா என்று கனிசியஸால் சொல்ல முடியவில்லை.

“படுபாவி,” என்றார். “தெரிஞ்சு கொண்டே பதினொரு வருஷம்...” மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு கனிசியஸின் பக்கம் திரும்பினார். “தம்பி, பேனை இருக்கோ? எழுது. துலாவிலை நிண்டால் தம்பிஐயாவின்ரை வளவு முழுக்கத் தெரியும். போன வருஷம் நான் சொன்னது பொய். முருகேசு, எண்டு போடு. கோட்டிலை கூப்பிட்டால் வந்தும் சொல்லுறன். அந்தாளே பொய்யை ஒத்துக்கொண்டு போட்டான். நான் மட்டும் கட்டிப்பிடிச்சுக்கொண்டு இருக்கிறதோ?”

கரிக்கையோடு கனிசியஸ் எழுதினான். அவனுடைய அச்சுப்போன்ற எழுத்து அன்று கோணல்மாணலாக வந்தது. பஞ்சலிங்கம் வீட்டுத் திறப்பைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து முத்துக்குமாருவுக்குக் காட்டி, திரும்பவும் பைக்குள் போட்டார். “மரணசாதனம் கிடைச்சிட்டுது. இனிக் கோடு தீர்க்கும்வரை திறப்பு எங்கடை பொறுப்பு. நீர் வயலைப் போய்ப் பாரும்.” முத்துக்குமாரு கோட்டு உத்தரவைக் கசக்கிக்கொண்டு போனான்.

குணலட்சுமி பொட்டுக்குள்ளால் நுழைந்து போனாள். குசினி வாசலில் இருந்த பெட்டியின் கயிற்றை அவள் அவிழ்ப்பது அந்தப் பொட்டு வழியாகவே தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் கூரைக்கு மேலால் புகை எழும்பியது.

கனிசியஸ் சப்பாத்தைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டான். இனிப் பகிடி விடலாம் என்று வாய் தானாகவே திறந்தது.

“அப்ப முருகேசர் அண்ணை, நிலம் உங்கடை பக்கம் வந்திட்டுது. எப்ப வேலியைத் தள்ளிக் கட்டப் போறியள்?”

முருகேசர் அந்த வேலியை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரைக்கும் பார்த்தார்.

“கட்டலாம்,” என்றார். “கட்டிப்போட்டு ஆரோடை தம்பி சண்டை பிடிக்கிறது?”

சொல்லிவிட்டுப் பட்டையைப் பிடித்தார். மார்க்கண்டு துலாவில் ஏறினான்.